ஈரலில் விழும் தழும்பு: நாள்பட்ட கல்லீரல் நோய் உருவாகும் விதம்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் ஒருவருக்கு "ஈரல் கெட்டுவிட்டது" என்று தெரியவந்தால், கேட்பவர் வாயில் முதலில் வரும் கேள்வி, "குடிப்பாரா?" குடிப்பவர் என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். குடிக்காதவர் என்றால், மறைவாகக் குடித்திருப்பார் என்று ஊர் முடிவுகட்டிவிடும். வாழ்நாளில் மதுவைத் தொட்டே பார்க்காத ஒரு பெண்ணுக்கு இந்த நோய் வந்தால், அதை வெளியே சொல்லவே அந்தக் குடும்பம் கூசுகிறது. சொல்லக் கூசுவதால் மருத்துவரிடம் போவதும் தள்ளிப்போகிறது.

இன்னொரு நம்பிக்கையும் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கண் மஞ்சளானால்தான் ஈரல் நோய், மஞ்சள் இறங்கிவிட்டால் நோயும் இறங்கிவிட்டது என்பது அது. இந்த இரண்டு எண்ணங்களும் சேர்ந்து, காப்பாற்றக்கூடிய பல உயிர்களைக் காலம் கடந்தபின் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. நோய் உள்ளே எப்படி வளர்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் இரண்டுமே தவறு என்பது விளங்கிவிடும்.

## ஈரல் செய்யும் வேலை

கல்லீரல் வயிற்றின் வலது மேல்பகுதியில், விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை. உள்ளுறுப்புகளில் இதுவே பெரியது.

சாப்பிட்ட சோற்றிலிருந்து வரும் சர்க்கரையைச் சேமித்துவைத்து, வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் ரத்தத்தில் விடுகிறது. கொழுப்பைச் செரிக்க வேண்டிய பித்தநீரைச் சுரக்கிறது. ரத்தம் உறைவதற்கான புரதங்களைத் தயாரிக்கிறது. ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்துவைக்கும் அல்புமின் என்ற புரதமும் இங்கேதான் உருவாகிறது. குடலில் உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் போகச் செய்கிறது. நாம் விழுங்கும் மருந்தையும் மதுவையும் உடைத்து வெளியேற்றுகிறது. நோய் முற்றும்போது இந்த வேலைகள் ஒவ்வொன்றாகத் தடைப்படுவதுதான் அறிகுறிகளாக வெளியே தெரிகிறது. ஆகவே இவற்றை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஈரலுக்கு ரத்தம் வரும் வழியும் தனித்தன்மை கொண்டது. மற்ற உறுப்புகள் தமனி வழியாக மட்டும் ரத்தம் பெறுகின்றன. ஈரலுக்குத் தமனியில் வருவது கால் பங்கு மட்டுமே. மீதி முக்கால் பங்கு, குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் ரத்தத்தைக் கொண்டுவரும் போர்ட்டல் சிரை என்ற பெரிய குழாயில் வருகிறது. குடல் உறிஞ்சிய சத்தும் நஞ்சும் உடலின் மற்ற பாகங்களுக்குப் போகும் முன் ஈரலைக் கடந்துதான் ஆக வேண்டும்.

## ஈரலுக்குள் ஒரு பாசனம்

டெல்டாவில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க நம் காவிரிப் பாசனத்தைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பைத் தாண்டிக் கல்லணைக்கு வருகிறது. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, பிரிந்தவை மேலும் கிளைத்து, வாய்க்காலாகி, மடை வழியே வயலுக்குள் பாய்கிறது. மண்ணை நனைத்தபின் மிச்சம் வடிகாலில் இறங்குகிறது.

போர்ட்டல் சிரையும் ஈரலுக்குள் நுழைந்ததும் இப்படியே கிளை கிளையாகப் பிரிகிறது. கடைசிக் கிளைகள் ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள சின்னஞ்சிறு பகுதிகளுக்குள் ரத்தத்தைப் பாய்ச்சுகின்றன. இவற்றுக்கு நுண்மடல்கள் என்று பெயர். ஒவ்வொரு நுண்மடலும் ஒரு வயல். ரத்தம் அதன் ஓரங்களில் நுழைகிறது. ஈரல் செல்களின் வரிசைகளுக்கு நடுவே மெல்ல ஊர்கிறது. மையத்திலுள்ள சிறு சிரையில் வடிகிறது. அந்த நுண்ணிய வழிகளின் சுவர்களில் துளைகள் இருப்பதால் ரத்தத்தின் நீர்ப்பகுதி செல்களை நேரடியாகத் தொடுகிறது. அந்தத் தொடுதலில்தான் ஈரலின் வேலை முழுவதும் நடக்கிறது.

மையச் சிரையை ஒட்டிய செல்கள்தான் கடைமடை. ரத்தம் அங்கே வந்து சேரும்போது ஆக்சிஜனின் பெரும்பகுதியை முன்னால் இருக்கும் செல்கள் எடுத்துக்கொண்டிருக்கும். மதுவாலும் கொழுப்பாலும் வரும் சேதம் பெரும்பாலும் முதலில் இந்தக் கடைமடையில்தான் தென்படுகிறது.

இன்னொன்றும் முக்கியம். போர்ட்டல் சிரையில் அழுத்தம் மிகக் குறைவு. நம் டெல்டா நிலத்தின் சரிவும் அப்படித்தான். தண்ணீர் நிதானமாகவே கடலை நோக்கி நகர்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் வழியில் சிறிய அடைப்பு ஏற்பட்டாலும் மேற்புறம் தேக்கம் உண்டாகும். பின்னால் வரும் எல்லாச் சிக்கல்களுக்கும் இந்தத் தேக்கமே அடிப்படை.

## தழும்பு எங்கிருந்து வருகிறது?

ஈரல் செல்களுக்கும் ரத்த வழிகளுக்கும் இடையே உள்ள மெல்லிய இடுக்கில் நட்சத்திர வடிவச் செல்கள் சில இருக்கின்றன. இவற்றை விண்மீன் செல்கள் என்று சொல்லலாம். 1876-இல் கூஃபர் என்ற ஜெர்மானிய உடற்கூறியல் அறிஞர் இவற்றைக் கண்டு எழுதினார். சாதாரண நேரத்தில் இவை வைட்டமின் ஏ சத்தைச் சேமித்துவைத்துக்கொண்டு அமைதியாக இருக்கும்.

மது, வைரஸ், கொழுப்பு என்று எது தாக்கினாலும் ஈரல் செல்கள் மடியும்போது அவ்விடத்தில் அழற்சி ஏற்படுகிறது. அழற்சி என்பது காயத்தைச் சரிசெய்ய நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து குவியும் நிலை. அவை விடும் வேதிச் சைகைகள் விண்மீன் செல்களைத் தட்டி எழுப்புகின்றன. எழுந்தவை தம்மிடமுள்ள வைட்டமின் ஏ சத்தை இழந்து, உருமாறி, கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை உற்பத்திசெய்யத் தொடங்குகின்றன. தோலில் காயம் ஆறிய இடத்தில் தழும்பாக நிற்பதும் இதே கொலாஜன்தான்.

தாக்குதல் சில வாரங்களில் நின்றுவிட்டால் சேர்ந்த நாரை உடலே கரைத்துவிடும். ஈரலுக்கு மீண்டும் வளரும் ஆற்றல் அபாரமாக உண்டு. பாதிக்கு மேல் வெட்டி எடுத்தாலும், மிச்சம் ஆரோக்கியமாக இருந்தால், சில மாதங்களில் பழைய அளவை நெருங்கிவிடும். ஆனால் தாக்குதல் நிற்காமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால், கரைவதைவிடப் படிவது அதிகமாகிறது. நார் இறுகிப் பின்னிக்கொள்கிறது. இப்படித் தழும்பு படிவதைத்தான் மருத்துவர்கள் ஃபைப்ரோசிஸ் என்கிறார்கள். தழும்பே இல்லாத நிலை 0, முற்றிய நிலை 4 என்று ஐந்து படிகளாக இதைப் பிரித்திருக்கிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தாக்குவது எதுவாக இருந்தாலும் ஈரலின் மறுமொழி ஒன்றே. செல்கள் மடிகின்றன, அழற்சி வருகிறது, விண்மீன் செல்கள் நாரைப் படியவைக்கின்றன. ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் பாதிப்பை நாள்பட்டது என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது.

## காமாலை வேறு, இது வேறு

மஞ்சள் காமாலை ஓர் அறிகுறி. பழைய சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருளை ஈரல் வெளியேற்ற முடியாமல் போகும்போது கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. காரணம் பலவாக இருக்கலாம். பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் வரும், சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலும் வரும்.

நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழை வெள்ளத்தில் குடிநீரோடு கழிவுநீர் கலந்து பரவும் காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ ஆகிய வைரஸ்களால் வருவது. ஏ வைரஸ் நாள்பட்ட நோயாக மாறுவதே இல்லை. ஈ வைரஸ் நோய் எதிர்ப்பு ஆற்றல் மிகவும் குன்றியவர்களிடம் மட்டும் அப்படி நீடிக்கலாம். கர்ப்பிணிகளுக்கு அது வேறு வகையில் ஆபத்தானது. மற்றவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் ஈரல் தானே தேறிவிடும்.

நாள்பட்ட நோயில் நடப்பது இதற்கு நேர்மாறு. பத்து, இருபது ஆண்டுகள் தழும்பு வளர்ந்துகொண்டிருக்கும். கண்ணில் துளி மஞ்சள் இருக்காது. மஞ்சள் தெரியும் நேரத்தில் நோய் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில் இருக்கும். ஆகவே மஞ்சளை வைத்து நோயை அளப்பவர்கள் இரண்டு பக்கமும் ஏமாறுகிறார்கள்.

## மடை அடைபட்டால் என்ன ஆகும்

தழும்பு நாலாம் படியை எட்டும்போது நார்ப்பட்டைகள் ஒரு வாய்க்காலையும் அடுத்த வாய்க்காலையும், வாய்க்காலையும் வடிகாலையும் இணைத்துக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. உயிரோடு மிஞ்சிய செல்கள் அந்தப் பட்டைகளுக்கு நடுவே சிறைப்பட்டு, வளரும் ஆற்றலால் உருண்டை உருண்டையாகத் திரள்கின்றன. வழவழப்பாக இருந்த ஈரல் முடிச்சு முடிச்சாக, கடினமாக மாறுகிறது. இதுதான் சிரோசிஸ், தமிழில் ஈரல் இறுக்கம், ஈரல் சுருக்கம் என்றெல்லாம் சொல்கிறார்கள்.

இறுகிய ஈரலுக்குள் ரத்தம் பாய முடியாமல் போர்ட்டல் சிரையில் தேங்குகிறது. மேலே மண்ணீரல் வீங்குகிறது. வீங்கிய மண்ணீரல் ரத்தத்திலுள்ள பிளேட்லெட் அணுக்களைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அவற்றின் எண்ணிக்கை குறைகிறது. ரத்தப் பரிசோதனையில் காரணம் தெரியாமல் பிளேட்லெட் குறைந்திருப்பது சிலருக்கு ஈரல் இறுக்கத்தின் முதல் தடயம்.

தேங்கிய ரத்தம் வேறு வழி தேடும். வெள்ளக் காலத்தில் முக்கொம்பிலும் கல்லணையிலும் மிகைநீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுகிறோம். அது வயல்களைத் தொடாமல் கடலுக்குப் போகிறது. உடலும் அப்படி ஒரு கொள்ளிடத்தை உண்டாக்கிக்கொள்கிறது. ஆனால் அங்கே கரை கிடையாது, மதகும் கிடையாது. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் இருக்கும் மெல்லிய சிரைகள்தான் அந்த மாற்றுவழி. அவை கொள்ளளவுக்கு மீறி உப்பி, ஒருநாள் வெடிக்கலாம். ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம் ஆகியவை இதன் அடையாளங்கள். ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாத அவசர நிலை இது.

மாற்றுவழியில் போகும் ரத்தத்துக்கு இன்னொரு கேடும் உண்டு. அது ஈரலைக் கடக்காததால், குடலில் உண்டான அம்மோனியா வடிகட்டப்படாமல் மூளைக்குப் போகிறது. பகலில் தூங்கி வழிவது, இரவில் விழித்திருப்பது, கைகள் படபடப்பது, பேச்சு குழறுவது, வீட்டாரை அடையாளம் தெரியாமல் விழிப்பது என்று படிப்படியாக நிலை மோசமாகும். "குடித்துவிட்டு உளறுகிறார்" என்றோ, "ஏதோ பிடித்துவிட்டது" என்றோ வீட்டில் நினைத்து நாள்களை வீணாக்கிவிடுவது மிகவும் வேதனையானது. மலச்சிக்கல், கிருமித்தொற்று, தூக்க மாத்திரை போன்றவை இந்தக் குழப்பத்தைத் தூண்டுகின்றன. நேரத்துக்கு மருத்துவமனை போனால் இதைப் பெரும்பாலும் தெளியவைக்க முடியும்.

வயிற்றில் நீர் கோப்பதை நம் வைத்திய மரபு மகோதரம் என்றது. போர்ட்டல் சிரையின் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது, அதைப் பிடித்துவைக்க வேண்டிய அல்புமின் குறைந்துவிட்டது, சிறுநீரகமோ உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் சேர்த்துக்கொண்டே போகிறது. மூன்றும் கூடி வயிற்றை நிரப்புகின்றன.

ஈரல் இறுகியும், இந்தச் சிக்கல்கள் எதுவும் தலைகாட்டாத காலம் பலருக்குப் பல ஆண்டுகள் நீடிக்கிறது. அதைச் சமாளிக்கும் கட்டம் என்கிறார்கள். நீர் கோத்தல், ரத்த வாந்தி, மனக்குழப்பம், காமாலை ஆகியவற்றில் ஒன்று வந்துவிட்டாலும் அது சமாளிக்க முடியாத கட்டம். இரண்டுக்கும் இடையே ஆயுளில் பெரும் வேறுபாடு உண்டு. முதல் கட்டத்திலேயே கண்டுபிடிப்பதற்கு அவ்வளவு மதிப்பு.

## குடி

மது ஈரலைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்; எவ்வளவு குடித்தால் என்பதில்தான் தவறான கணக்குகள் உலவுகின்றன. டாஸ்மாக் கடையில் கிடைக்கும் பிராந்தி, விஸ்கி வகைகளில் 42.8 சதவீதம் ஆல்கஹால். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. நாளொன்றுக்கு ஆணுக்கு 30 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் தாண்டினாலே ஆபத்து ஏறத் தொடங்குகிறது. "பீர்தானே" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 650 மில்லி பாட்டிலில் 8 சதவீத பீர் இருந்தால் அதில் 40 கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கிறது. விலை உயர்ந்த சரக்கு ஈரலைக் கெடுக்காது என்பது வெறும் கற்பனை. எந்தப் புட்டியில் இருந்தாலும் ஈரலுக்குள் அது அசிட்டால்டிஹைடு என்ற ஒரே நஞ்சாகத்தான் மாறுகிறது.

தினமும் அதிகமாகக் குடிப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஈரலில் கொழுப்பு சேர்கிறது. அவர்களில் ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம் பேருக்கு அது இறுக்கம் வரை போகிறது. "என் மாமா எழுபது வயதுவரை குடித்தார், ஒன்றும் ஆகவில்லை" என்ற பேச்சு எங்கும் கேட்பது இதனால்தான். யாருடைய ஈரல் தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழி கிடையாது. பெண்கள், உடல் பருமன் உள்ளவர்கள், ஹெபடைடிஸ் பி அல்லது சி உள்ளவர்கள் ஆகியோருக்குக் குறைந்த அளவே அதிகக் கேடு செய்யும்.

## குடிக்காதவர்களின் கொழுப்பு ஈரல்

வேறு எதற்கோ வயிற்று ஸ்கேன் எடுக்கும்போது "ஃபேட்டி லிவர், கிரேடு 1" என்று அறிக்கை வருவது இன்று சாதாரணம். ஈரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்திருந்தால் அது கொழுப்பு ஈரல். சர்க்கரை நோயும், இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலையும் இதற்கு முக்கியக் காரணங்கள். இன்சுலினுக்குக் கட்டுப்படாத கொழுப்புத் திசு ரத்தத்தில் கொழுப்பு அமிலங்களைக் கொட்டுகிறது. மிகையான சர்க்கரையையும் ஈரல் கொழுப்பாக மாற்றுகிறது. இரண்டும் ஈரலுக்குள் தங்குகின்றன. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கணக்கிட்டது. அந்த எண்ணிக்கையைப் பார்த்தால் ஈரல் நோய் குடிகாரர் நோய் என்ற பேச்சு எவ்வளவு பழையது என்பது புரியும்.

நடவும் அறுப்பும் இயந்திரத்துக்குப் போய்விட்டன. மூன்று வேளைச் சோற்றின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்தள்ளியவர்களுக்கும் இது வருகிறது. ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பது இந்தியர்களுக்கான எல்லை.

இங்கே ஒரு பெருங்குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஸ்கேனில் வரும் கிரேடு, கொழுப்பின் அளவைச் சொல்வது. தழும்பின் படியை அது சொல்வதில்லை. கிரேடு 3 உள்ளவருக்குத் தழும்பே இல்லாமல் இருக்கலாம், கிரேடு 1 உள்ளவருக்குத் தழும்பு முற்றியிருக்கலாம். "கிரேடு 1 தானே, எல்லோருக்கும் இருக்கிறது" என்று அறிக்கையை மடித்துவைப்பவர்களும், "கிரேடு 3, எல்லாம் போயிற்று" என்று கலங்குபவர்களும் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. வெறும் கொழுப்பு மட்டும் இருந்தால் தழும்பு ஒரு படி ஏறச் சராசரியாகப் பதினான்கு ஆண்டுகளும், கொழுப்போடு அழற்சியும் இருந்தால் ஏழு ஆண்டுகளும் ஆகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கால அவகாசம் நிறையவே இருக்கிறது; அதை நாம் பயன்படுத்துவதில்லை.

## பி, சி வைரஸ்கள்

ஹெபடைடிஸ் பி வைரஸ் தண்ணீரில் பரவாது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலும், ஒரே வீட்டில் புழங்குவதாலும் வராது. தொற்றுள்ள தாயிடமிருந்து பிரசவத்தின்போது குழந்தைக்கு, ரத்தத்தின் வழியாக, உடலுறவின் வழியாக, ஒருவர் பயன்படுத்திய ஊசி அல்லது சவர பிளேடின் வழியாகப் பரவுகிறது. தொற்று எந்த வயதில் வருகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிறந்தபோதே தொற்றினால் ஏறத்தாழ 90 சதவீதக் குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகத் தங்குகிறது. வளர்ந்தபின் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே தங்குகிறது. அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் தடுப்பூசி போட வேண்டும் என்கிறார்கள். இந்தத் தடுப்பூசி நாடு முழுவதும் அரசின் பொதுத் திட்டத்துக்குள் வந்தது 2011-இல்தான். அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் இதைப் போட்டுக்கொண்டதே இல்லை. பெரியவர்களும் மூன்று தவணைகளில் போட்டுக்கொள்ளலாம்.

சி வைரஸ் முக்கியமாக ரத்தத்தின் வழியே பரவுகிறது. நம் ரத்த வங்கிகளில் இதற்கான பரிசோதனை கட்டாயமானது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்; அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மூன்று மாத மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முற்றாகக் குணமாகிறது. பி வைரஸை அப்படி ஒழிக்க இன்னும் மருந்து கிடையாது. ஆனால் தினம் ஒரு மாத்திரையால் அதை அடக்கித் தழும்பைத் தடுக்க முடியும். 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இரண்டுக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். வீட்டில் ஒருவருக்குப் பி இருப்பது தெரிந்தால் மற்ற எல்லோரும் பரிசோதித்துக்கொண்டு, தொற்றில்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கல்யாணப் பேச்சுக்குப் பயந்து இதை மூடிமறைக்கும் குடும்பங்களைப் பற்றி நினைத்தால் மனம் பதறுகிறது; தடுப்பூசி போட்டுக்கொண்ட துணைக்கு இந்த நோயால் அஞ்ச வேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை.

இவை தவிர, உடலின் எதிர்ப்பு ஆற்றலே ஈரலைத் தாக்கும் நோய்கள், செம்பு அல்லது இரும்பு உடலில் தேங்கும் பரம்பரை நோய்கள், நாள்பட்ட பித்தக்குழாய் அடைப்பு ஆகியவையும் உண்டு. இளவயதில் காரணம் தெரியாமல் ஈரல் பாதித்தால் மருத்துவர்கள் இவற்றைத் தேடுவார்கள்.

## எப்படிக் கண்டுபிடிப்பது?

எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி என்பவை ஈரல் செல்கள் உடையும்போது ரத்தத்தில் கசியும் நொதிகள். இவை இன்று நடக்கும் சேதத்தைக் காட்டுமே தவிர, இதுவரை படிந்த தழும்பைக் காட்டாது. ஈரல் இறுகிப்போனவருக்குக்கூட இவை இயல்பான அளவில் இருக்கலாம்.

வயது, இந்த இரண்டு நொதிகளின் அளவு, பிளேட்லெட் எண்ணிக்கை ஆகிய நான்கையும் கொண்டு ஃபிப்-4 என்ற மதிப்பைக் கணக்கிடலாம். அது 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 65 வயதைக் கடந்தவர்களுக்கு அந்த எல்லை 2. செலவே இல்லாத இந்தக் கணக்கைச் சர்க்கரை நோயாளி ஒவ்வொருவரும் தம் மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கருத்து. சந்தேகம் இருந்தால் ஃபைப்ரோஸ்கேன் செய்வார்கள். ஈரலுக்குள் மெல்லிய அதிர்வை அனுப்பி, அது எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஊசியில்லாமல் அளக்கும் கருவி அது.

## தழும்பு மறையுமா?

ஓரளவுக்கு மறையும். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் இதை யாரும் நம்பவில்லை. பி வைரஸை அடக்கியவர்களிடமும், சி வைரஸ் நீங்கியவர்களிடமும், மதுவை முற்றாக விட்டவர்களிடமும் தழும்பு குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விண்மீன் செல்கள் அடங்கி, சேர்ந்த நார் மெல்லக் கரைகிறது. குடியை விட்டால் ஈரலின் கொழுப்பு சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். கொழுப்பு ஈரலில் உடல் எடையில் 5 சதவீதம் குறைத்தாலே கொழுப்பு இறங்கும். 10 சதவீதம் குறைத்தால் தழும்பும் பின்வாங்க வாய்ப்புண்டு. காபி குடிப்பவர்களிடம் தழும்பு குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. கும்பகோணத்துக்காரர்களுக்கு இது நல்ல சேதி, சர்க்கரையைக் குறைத்துக்கொண்டால் போதும்.

முற்றிய இறுக்கம் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. அங்கேயும் செய்ய நிறைய இருக்கிறது. உப்பிய சிரைகளை எண்டோஸ்கோபி வழியாக வளையம் போட்டுக் கட்டலாம். ஈரல் இறுகியவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். வழியே இல்லாதபோது மாற்று ஈரல் பொருத்தலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இதற்கும் உதவுகிறது.

## கீழாநெல்லியும் பத்தியமும்

கீழாநெல்லியை நான் தூக்கியெறியச் சொல்லவில்லை. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து, இந்தச் செடியைப் பி வைரஸ் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, நம்பிக்கை தரும் முடிவை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. வெள்ளக் காலக் காமாலை கீழாநெல்லி குடித்தாலும் குடிக்காவிட்டாலும் பெரும்பாலும் தானே இறங்கும். அந்தப் புகழ் செடிக்குப் போய்ச் சேர்கிறது. அதை நம்பி, நாள்பட்ட நோய்க்கான மாத்திரையை நிறுத்துபவர்கள்தான் அழிகிறார்கள். பெயர் தெரியாத பொடியும் லேகியமும் இதைவிட மோசம். ஈரலை நேரடியாகத் தாக்கும் உலோகங்கள் அவற்றில் கலந்திருக்கக்கூடும்.

அதைவிட அதிகமாக உயிரைக் குடிப்பது பத்தியம். ஈரல் நோய் என்றதும் முட்டை, பருப்பு, மீன் எல்லாவற்றையும் நிறுத்தி, கஞ்சியும் மோரும் இளநீரும் மட்டும் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இறுகிய ஈரலால் சர்க்கரையைச் சேமிக்க முடியாது. ஓர் இரவு பட்டினி கிடந்தாலே உடல் தன் தசையை உடைத்து எரிக்கத் தொடங்குகிறது. நோயாளியின் கைகால் குச்சியாகிப்போவது இதனால்தான். தசையும் அம்மோனியாவை உறிஞ்சி நீக்க உதவுகிறது. தசை கரைந்தால் மனக்குழப்பம் இன்னும் அதிகமாகும். ஆகவே புரதத்தைக் குறைக்கக் கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தர வேண்டும் என்பதே இன்றைய பரிந்துரை. பயறு, பருப்பு, தயிர், முட்டை, ஆற்று மீன் எதுவும் விலக்கல்ல.

குறைக்க வேண்டியது உப்பு, அதுவும் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு. நாளுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் உப்புக்குள் அடங்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், நாகப்பட்டினத்துக் கருவாடு ஆகியவற்றில் அந்த அளவு ஒரே வேளையில் போய்விடும். மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் மாத்திரைகளை ஈரல் இறுகியவர்கள் தொடவே கூடாது. அவை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். பலரும் பயப்படும் பாராசிட்டமால், நாளுக்கு 2 கிராம் தாண்டாமல், மருத்துவர் சொன்னபடி எடுத்தால் அவற்றைவிடப் பாதுகாப்பானது.

உணவை மூன்று பெரிய வேளைகளாக வைக்காமல் ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரிக்க வேண்டும். படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலும் இரண்டு இட்லியும், அல்லது ஒரு கிண்ணம் சுண்டலும் கொடுத்துப் பழக்குங்கள். இரவுப் பட்டினி குறைந்தால் தசை கரைவது குறைகிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிக்கு, மாத்திரைக்கு அடுத்தபடியாக வீட்டார் அன்றிரவே தொடங்கக்கூடிய சிகிச்சை இது.